உங்களுக்குத் தெரியுமா? தம்பதியர் ஆலோசனையில் மாமியாருக்கும் இடமுண்டு

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் தம்பதியருக்கு ஆலோசனை சொல்ல, ஆங்கிலக் கையேட்டை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. போர்ட்டோ ரிக்கோவில் பணியாற்றிய உளவியலாளர் கில்லெர்மோ பெர்னாலும் சகாக்களும், சிகிச்சையில் பண்பாட்டுக்கேற்ப மாற்ற வேண்டிய கூறுகள் எட்டு என 1995-இல் வகுத்தனர். மொழி அவற்றில் ஒன்றுதான். சிகிச்சையின் இலக்கும் வாழ்க்கைச் சூழலும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. உதாரணமாக, லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்க்கும் கணவர், மெக்ஸிகோவிலுள்ள தாய்க்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார். மனைவிக்குக் கோபம் என்று வைத்துக்கொள்வோம். ‘குடும்பம் என்றால் நீங்கள் இருவர்தான்’ என்று ஆரம்பிக்கும் ஆலோசகரிடம் அவர்கள் மறுபடி வருவது சந்தேகமே. எவ்வளவு அனுப்புவது, யாரைக் கேட்டு அனுப்புவது என்று கேட்டால் பேச்சு நகரும்.

இப்படிப் பண்பாட்டுக்கேற்ப ஆலோசனையை மாற்றுவது எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதாகாதா? நியாயமான கேள்விதான். மயாமியின் கியூபக் குடும்பமும் டெக்சாஸின் மெக்ஸிகக் குடும்பமும் வேறு வேறு. அமெரிக்காவிலேயே பிறந்த மனைவியும் குடியேறிய கணவரும் ஒரே வீட்டிலேயே இரு உலகம். அதனால் நல்ல ஆலோசகர் பண்பாட்டைத் தம்பதியிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். பலன் உண்டா என்றால், பண்பாட்டுக்கேற்ப மாற்றிய பலவகை மனநலச் சிகிச்சைகள் குறித்த 76 ஆய்வுகளைத் தொகுத்த 2006-ஆம் ஆண்டு மதிப்பீடு உண்டு என்கிறது. தாய்மொழியில் நடந்தவை ஆங்கிலத்தில் நடந்தவற்றைவிட இருமடங்கு பலன் தந்தனவாம்.