ஒரு புள்ளிக்காக இழந்த நற்பெயர்

விளையாட்டுத்துறையில் உச்சத்தைத் தொட்டவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் ஈட்டிய வெற்றிகளின் எண்ணிக்கையை முதலில் குறிப்பிடுவது வழமை. சிலருடைய விடயத்தில் அந்த எண்ணிக்கையை அடுத்து 'ஆனால்' என்ற சொல்லும் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகின்றது. ஜேர்மனியைச் சேர்ந்த கார் பந்தய வீரர் மைக்கல் ஷூமாக்கர் அத்தகையவர்களில் ஒருவர். போர்முலா 1 பந்தயங்களில் 7 தடவைகள் உலக சம்பியன் பட்டத்தையும் 91 வெற்றிகளையும் பெற்றவர் அவர். எனினும், 1994, 1997, 2006 ஆகிய ஆண்டுகளில் அவர் நடந்துகொண்ட விதத்தைக் குறிப்பிடாமல் அவருடைய வரலாற்றை எவரும் எழுதி முடிப்பதில்லை. தகைமையில் எவருக்கும் சளைக்காத ஒருவருக்கு இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பது சிந்திக்கத்தக்கதாகும்.

எல்லா விளையாட்டுகளிலும் முறைகேடுகள் நிகழவே செய்கின்றன. உதைபந்தாட்டத்தில் எதிரணி வீரரை இடறிவிடுபவருக்கு மத்தியஸ்தர் அட்டையைக் காட்டுகின்றார், ஆட்டம் தொடர்கின்றது. கார் பந்தயத்தின் தன்மை வேறானது. போர்முலா 1 கார்கள் மணிக்கு 300 கிலோமீற்றரையும் தாண்டிய வேகத்தில் செல்லக்கூடியவை. அவற்றின் சில்லுகள் மூடப்படாதவை. ஒரு காரின் சில்லு மற்றொன்றின் சில்லோடு உரசுமானால் கார் மேலெழுந்து பறக்கவும் கூடும். 1994 ஏப்ரல் 30, மே 1 ஆகிய அடுத்தடுத்த இரு தினங்களில் இத்தாலியின் இமோலா ஓடுபாதையில் ரோலண்ட் ரட்சன்பேர்கர், அயர்ட்டன் சென்னா ஆகிய இரு வீரர்கள் விபத்துகளில் உயிரிழந்தனர். சென்னா விபத்துக்குள்ளானபோது அவருக்கு நேர் பின்னால் காரைச் செலுத்திக்கொண்டிருந்தவர் ஷூமாக்கரே. ஆகவே, இந்த விளையாட்டில் எதிராளியின் கார் மீது வேண்டுமென்றே மோதுவது விதிமீறல் மாத்திரமல்ல, மற்றொருவரின் உயிரோடு விளையாடுவதுமாகும்.

அதே ஆண்டு நவம்பர் 13 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் அந்தப் பருவகாலத்தின் இறுதிப் பந்தயம் இடம்பெற்றது. அவ்வருடம் இரு பந்தயங்களில் பங்குபற்றுவதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்ததால் ஷூமாக்கரின் பெரும் முன்னிலை கரைந்துபோயிருந்தது. இங்கிலாந்தின் டேமன் ஹில்லை விட அவர் ஒரேயொரு புள்ளியால் மாத்திரமே முன்னணியில் இருந்தார். பந்தயத்தில் முன்னே சென்றுகொண்டிருந்த அவர், 36 ஆவது சுற்றில் ஓடுபாதையை விட்டு விலகிச் சுவரில் மோதி மீண்டும் உள்ளே வந்தார். அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி அடுத்த வளைவின் உட்புறமாக ஹில் முந்த முற்பட்டபோது, ஷூமாக்கர் தமது காரை அவருக்குக் குறுக்கே திருப்பினார். இருவரும் பந்தயத்திலிருந்து விலக நேர்ந்தது. அதனால் அந்த ஒரு புள்ளி அப்படியே நின்றது. 92 புள்ளிகளுக்கு 91 என்ற கணக்கில் ஷூமாக்கர் முதற்தடவையாக உலக சம்பியனானார். அதனைப் பந்தயத்தில் இயல்பாக நிகழக்கூடிய ஒரு சம்பவமாகக் கருதிய அதிகாரிகள் எவ்வித நடவடிக்கையும் எடுக்கவில்லை.

அன்று அவர் வேண்டுமென்றே மோதினாரா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. சந்தேகத்தின் பலனை அவருக்கு வழங்கியவர்கள் அநேகர் இருந்தனர். ஆனால், மூன்று வருடங்களின் பின்னர் நிகழ்ந்த சம்பவம் அவர்களையும் மீண்டும் சிந்திக்க வைத்தது.

1997 ஒக்டோபர் 26 ஆம் திகதி ஸ்பெயினின் ஜெரெஸ் ஓடுபாதையில் நடைபெற்ற இறுதிப் பந்தயத்திலும் நிலைமை அதேபோன்றே இருந்தது. இப்போது இத்தாலியின் பெராரி நிறுவனத்துக்காகப் பந்தயமோடிய ஷூமாக்கர், கனடாவின் ஜக் வில்நெவ்வை விட ஒரு புள்ளியால் முன்னணியில் இருந்தார். 1979 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெராரி வீரர் எவரும் உலக சம்பியனானதில்லை என்பதால், முழு இத்தாலியினதும் எதிர்பார்ப்பு அவர் மீதே சுமத்தப்பட்டிருந்தது. 48 ஆவது சுற்றில் வில்நெவ் உட்புறமாக முந்திச் சென்றபோது, ஷூமாக்கர் தமது காரை அவரது காரின் பக்கவாட்டில் திருப்பி மோதினார். ஆனால், இம்முறை மணற்பரப்பில் சிக்கி வெளியேறியவர் ஷூமாக்கரே. சேதமடைந்த காருடன் தொடர்ந்து ஓடிய வில்நெவ் மூன்றாமிடத்தைப் பெற்று உலக சம்பியனானார்.

அன்றைய பந்தய அதிகாரிகள் இதனையும் இயல்பான சம்பவமாகவே கருதினர். எனினும், உலகெங்கும் எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனம் அவரை விசாரணைக்கு அழைத்தது. நவம்பர் 11 ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பின் பிரகாரம், அவ்வருட சம்பியன்ஷிப் தரப்படுத்தலில் அவர் பெற்றிருந்த இரண்டாமிடம் நீக்கப்பட்டது. வீதிப் பாதுகாப்புப் பிரசாரமொன்றில் பங்குபற்றுமாறும் அவர் பணிக்கப்பட்டார். ஆனால், அவரது பந்தய வெற்றிகளில் எவரும் கைவைக்கவில்லை. அபராதமோ, அடுத்த வருடத்துக்கான போட்டித்தடையோ விதிக்கப்படவில்லை.

அத்தண்டனை போதுமானதல்ல என்று அன்றே பலர் குறைகூறினர். ஆனால், சம்மேளனம் வழங்காத தண்டனையை மக்கள் வழங்கினார்கள். அவரை நாயகனாகக் கொண்டாடிய இத்தாலியப் பத்திரிகைகளும், அவரது சொந்த நாடான ஜேர்மனியின் பத்திரிகைகளும் அவரைக் கடுமையாகச் சாடின. அதைவிடப் பாரதூரமான விளைவு வேறொன்றாகும். 1994 இல் சந்தேகத்தின் பலனை வழங்கியவர்களும் ஜெரெஸின் பின்னர் அடிலெய்ட் சம்பவத்தைப் புதிய கண்ணோட்டத்துடன் பார்க்கத் தலைப்பட்டனர். ஒரு தவறு எதிர்கால மதிப்பை மாத்திரம் குறைப்பதில்லை, கடந்தகாலச் சாதனைகளின் மீதும் கறையைப் படரவிடுகின்றது என்பதற்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை.

ஒரு தடவை பழுதடைந்த நற்பெயர், பின்னர் பிறர் செய்யும் தவறுகளின் சுமையையும் சேர்த்துச் சுமக்க நேரிடுகின்றது. 2002 மே 12 ஆம் திகதி ஒஸ்ட்ரியாவில் நடைபெற்ற பந்தயத்தில் பெராரியின் மற்றொரு வீரரான பிரேஸிலின் ரூபன்ஸ் பரிச்செல்லோ முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் கட்டளைக்குப் பணிந்து முடிவுக் கோட்டுக்கு மிக அருகில் அவர் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். கட்டளையிட்டது நிறுவனமே. ஆயினும், பார்வையாளர்களின் கூச்சலுக்கும் ஏளனத்துக்கும் ஆளானவர் ஷூமாக்கர். வெட்கமுற்ற அவர் பரிச்செல்லோவை வெற்றி மேடையின் உச்சிப் படியில் ஏற்றிவிட்டார். பரிசளிப்பு ஒழுங்குகளை மீறியமைக்காக 10 இலட்சம் அமெரிக்க டொலர் அபராதம் விதிக்கப்பட்டதும் அதனில் அரைவாசி ஒத்திவைக்கப்பட்டதும் பின்னர் நிகழ்ந்தவையாகும்.

2006 மே 27 ஆம் திகதி மொனாக்கோவில் ஆரம்ப வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிகாண் சுற்று முடிவடையும் தறுவாயில், ரஸ்காஸ் என்னும் குறுகிய வளைவில் ஷூமாக்கர் தமது காரை நிறுத்திவிட்டார். அவ்வேளை முதலிடம் அவரிடமே இருந்தது. பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்த ஸ்பெயின் வீரர் பெர்னாண்டோ அலொன்சோவுக்கு அதனைப் பறிக்கும் வாய்ப்பு அற்றுப்போயிற்று. தவறுதலாக நிகழ்ந்ததென ஷூமாக்கர் கூறிய விளக்கத்தைப் பல மணி நேரம் ஆராய்ந்த அதிகாரிகள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். வேறொரு வீரர் அதே விளக்கத்தை அளித்திருந்தால் அது நம்பப்பட்டிருக்கவும் கூடும். முன்னைய இரு சம்பவங்களும் அவருக்கு எதிரான சாட்சிகளாக அன்று நின்றன என்றே கூறவேண்டும்.

வெற்றிக்காக எதையும் செய்யலாம் என்பதுதான் இத்தகைய பந்தயங்களின் நியதியோ என்று எவரும் வினவலாம். அவ்வாறல்ல என்பதற்கு அதே விளையாட்டின் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1958 ஓகஸ்ட் மாதம் போர்த்துக்கலில் நடைபெற்ற பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்ற மைக் ஹோர்தோர்ன், கார் நின்றுபோனபோது அதனை எதிர்த்திசையில் செலுத்தினார் என்ற குற்றச்சாட்டில் தகுதிநீக்கம் செய்யப்படும் நிலைக்கு உள்ளானார். அவர் ஓடுபாதைக்கு வெளியிலேயே அவ்வாறு செய்தார் என அதிகாரிகளிடம் எடுத்துரைத்து அவரைக் காப்பாற்றியவர், சம்பியன் பட்டத்துக்கு அவருடன் போட்டியிட்ட ஸ்டேர்லிங் மொஸ். வருட முடிவில் 42 புள்ளிகளுக்கு 41 என்ற கணக்கில் ஹோர்தோர்ன் உலக சம்பியனானார். 2020 ஆம் ஆண்டு தமது 90 ஆவது வயதில் காலமாகும் வரை மொஸ் உலக சம்பியன் பட்டத்தைப் பெறாதவராகவே இருந்தார். ஆயினும், அவருடைய பெயரை உச்சரிப்போர் எவரும் 'ஆனால்' என்று இழுப்பதில்லை. அங்கும் வித்தியாசம் ஒரு புள்ளிதான் என்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றைக் கூறும் நாம், ஷூமாக்கரின் மறுபக்கத்தை மறைப்பது நியாயமாகாது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களையும் அயல்நாடுகளையும் சின்னாபின்னமாக்கியபோது, பாதிக்கப்பட்டோருக்காக 1 கோடி அமெரிக்க டொலரைத் தமது சொந்தப் பணத்திலிருந்து வழங்கியவர் அவர். சக வீரர்களின் பாதுகாப்புக்காக ஓட்டுநர் சங்கத்தின் மூலம் குரல் கொடுத்தவரும் அவரே. 2013 டிசம்பர் 29 ஆம் திகதி பிரான்ஸின் பனிமலையில் விபத்துக்குள்ளாகித் தலையில் படுகாயமடைந்த பின்னர் அவர் பொதுவெளியில் தோன்றியதில்லை. அவர் மீது உலகம் காட்டிவரும் அனுதாபத்தில் நாமும் இணைந்துகொள்கின்றோம். ஒரு மனிதரை அவருடைய மூன்று தவறுகளால் மாத்திரம் அளவிடுவது எவ்வளவு பிழையோ, அவருடைய வெற்றிகளைக் காட்டி அத்தவறுகளை நியாயப்படுத்துவதும் அவ்வளவு பிழையே.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கியதை மக்கள் மன்னித்துவிடுவார்கள். சறுக்கவே இல்லையென்று சாதிப்பதை மன்னிப்பதில்லை. 1994 இல் அதிகாரிகள் உரிய கண்டிப்பைக் காட்டியிருப்பார்களானால் 1997 நேர்ந்திராமல் இருந்திருக்கலாம். முதற்தவறைக் கண்டும் காணாததுபோல் விடும் நிர்வாகங்கள் தமது வீரர்களைக் காப்பாற்றுவதில்லை, அடுத்த தவறை நோக்கியே அவர்களைத் தள்ளுகின்றன. எப்படி வென்றார் என்று கேளாமல் வென்றாரா என்று மாத்திரம் கேட்கும் இரசிகர்களும் ஊடகங்களும்கூட இதற்குப் பொறுப்புக்கூற வேண்டியவர்களே.

2020 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லூயிஸ் ஹமில்டன், 91 வெற்றிகள் என்ற ஷூமாக்கரின் சாதனையை முறியடித்து, 7 பட்டங்கள் என்ற சாதனையையும் சமன் செய்தார். சாதனைகள் இவ்வாறு என்றோ ஒருநாள் முறியடிக்கப்படுபவையே. அவற்றை ஈட்டிய விதம் பற்றிய நினைவோ அழிவதில்லை. மைதானத்தில் இறங்கும் எமது பிள்ளைகளுக்கு வெற்றியின் அருமையைக் கற்பிக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும், ஒரு புள்ளியை இழந்தும் தலைநிமிர்ந்து நின்ற மொஸ்ஸின் கதையையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.