ராத்திரி முழுக்க சர்ச்சில் என்ன வேலை? 'வாலிபர் இரவு' இதுதான்!

ஆய்க்குடி, சுரண்டை பக்கம் இளவட்டங்கள் 'வாலிபர் இரவு' என்று கிளம்பினால், "ராத்திரி முழுக்க சர்ச்சில் அப்படி என்னப்பா வேலை?" என்று வீட்டில் கேட்பது உண்டு.

விஷயம் இதுதான். பாட்டு, ஜெபம், சாட்சி, நடுவில் சூடா ஒரு டீ. விடிந்ததும் முதல் பஸ்சில் வீடு.

எல்லாரும் ஒன்றாக உட்காருவதுதான் இதில் பெரிய விஷயம். இந்தப் பேச்சு நெல்லையில் புதுசு இல்லை. பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் இருக்கிற தூய திரித்துவ பேராலயத்தை, அதாவது நம்ம ஊசிக்கோபுரத்தை, 1826-ல் கட்டியவர் ரேனியஸ் ஐயர். பேராயரின் ஆசனம் அங்கே இருப்பதால்தான் அது 'பேராலயம்'.

1820-ல் பாளைக்கு வந்த அவர், தன் பள்ளியில் எல்லா சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிடணும் என்றார். எதிர்ப்பு கிளம்பியது. அவர் மசியவில்லை.

ஆண்டுகள் ஓடியும் நிலைமை முழுசா மாறவில்லை. 2023-ல் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள்.

அதனால் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் பரவாயில்லை. பக்கத்தில் இருப்பவன் எந்தத் தெரு என்று கேட்காமல் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்தால் சரி.