வெரைட்டி ஹால்: ஒரு ரோட்டோட பேர்ல மிச்சமிருக்கிற தியேட்டர்

போன எபிசோடுல பாரிஸ் காபரே பத்திப் பேசினோம். 1881ல மோன்மார்த்ர்ல ஆரம்பிச்ச 'ல ஷா நுவார்', அங்க பாட்டு, நையாண்டி, நிழற்கூத்துன்னு எல்லாம் ஒரே மேடையில நடந்தது. அதைக் கேட்டுட்டு ஒருத்தர் மெசேஜ் போட்டிருந்தாரு: "ஏனுங்க, நம்ம பக்கம் அப்படி எதுவும் இல்லீங்களா?"

காபரேன்னு பேர் வச்சது இல்ல. ஆனா அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒண்ணு இருந்துச்சு. திருப்பூர்ல ரயில் ஏறினா ஒரு மணி நேரம். கோயம்புத்தூர் ஜங்ஷன்ல இறங்கி டவுன்ஹால் பக்கம் நடந்தா வெரைட்டி ஹால் ரோடு வரும். நான் காலேஜ் படிக்கிறப்ப நாலு வருஷம் அந்த ரோட்டுல நடந்திருக்கேன். அது என்ன ஹால், அதுல என்ன வெரைட்டின்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

ரயில்வே வேலையை விட்டவர்

சாமிக்கண்ணு வின்சென்ட், கோயம்புத்தூர்க்காரர், 1883ல பிறந்தவர். திருச்சியில ரயில்வேல டிராஃப்ட்ஸ்மேன் வேலை. 1905ல டூபாண்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் ஊரா படம் காட்டிக்கிட்டு திருச்சிக்கு வந்தார். உடம்புக்கு முடியாமப் போச்சு, சாமானை வித்துட்டு ஊருக்குப் போகணும்னு நினைச்சார். வின்சென்ட் சுமார் 2,000 ரூபாய் புரட்டி புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிட்டார். அப்ப அவருக்கு வயசு 22.

யோசிச்சுப் பாருங்க. கவர்மெண்ட் மாதிரி நிரந்தரமான ரயில்வே உத்தியோகம். அதை விட்டுட்டு, பாதிப் பேர் பார்த்தே இராத ஒரு மெஷினை நம்பி இறங்கறார். நம்ம வீட்ல சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்கப்புறம் டெண்ட்டோட ஊர் சுத்தினார். தமிழ்நாடு மட்டும் இல்ல, வடக்க லாகூர், பெஷாவர் வரைக்கும், கிழக்க பர்மா வரைக்கும். 1909ல மெட்ராஸ் எஸ்பிளனேடுல டெண்ட் போட்டார். பாத்தே கம்பெனியோட ஏஜெண்ட் ஆகி, புரொஜக்டர் வரவழைச்சு மத்தவங்களுக்கும் வித்தார். தானும் கடை நடத்திக்கிட்டு, அடுத்தவன் கடை வைக்கவும் சாமான் குடுத்தவர்.

1914: டெண்டுல இருந்து கட்டிடம்

1914ல கோயம்புத்தூர்ல நிரந்தரமா ஒரு கட்டிடம் எழுப்பினார். பேரு வெரைட்டி ஹால். தென்னிந்தியாவுல வந்த முதல் சில நிரந்தர சினிமா தியேட்டர்கள்ல ஒண்ணு. அதே வருஷம்தான் மெட்ராஸ்ல ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைத் திறந்தார்.

இப்ப அந்தப் பேருக்கு வருவோம். ஏன் 'சினிமா ஹால்' இல்ல, 'வெரைட்டி ஹால்'?

அன்னிக்கு 'வெரைட்டி'ங்கறது உலகம் பூரா புழங்கின ஷோ பிசினஸ் வார்த்தை. லண்டன்லயும் பாரிஸ்லயும் ஒரே ராத்திரியில பாட்டு, டான்ஸ், மேஜிக், குஸ்தி எல்லாம் கலந்து காட்டற ஹாலுக்கு அந்தப் பேரு. சினிமா பிறந்த புதுசுல அதுவும் அந்த லிஸ்ட்ல ஒரு ஐட்டம் மட்டும்தான்.

இதுக்குப் பின்னாடி ஒரு டெக்னிக்கல் காரணமும் இருக்கு. படம் குட்டி குட்டியா இருக்கும். ஒரே புரொஜக்டர்னா ஒரு ரீல் முடிஞ்சு அடுத்ததை மாட்டறதுக்கு நேரம் ஆகும். அந்த நேரம் ஜனங்க இருட்டுல சும்மா உட்கார மாட்டாங்க. அதனால பேசாப்பட காலத்துல தமிழ்நாட்டுத் தியேட்டர்கள்ல ரீலுக்கு நடுவுல டான்ஸ், மேஜிக், குஸ்தின்னு மேடையில நடத்தினாங்க. படம் ஓடறப்போ பக்கத்துல நின்னு ஒருத்தர் கதை சொல்லுவார். நம்ம பாஷையில சொன்னா, லோடிங் ஸ்கிரீனை நிரப்பினது உயிரோட இருக்கிற மனுஷங்க.

கரண்ட் எங்கிருந்து வந்துச்சு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். பைகாரா நீர்மின்சாரம் கோயம்புத்தூர் பக்கம் வந்ததே 1930கள்லதான். அதுக்கு ரொம்ப முன்னாடியே வின்சென்ட் சொந்தமா ஜெனரேட்டர் வச்சு தியேட்டரை ஓட்டினார். அதோட மாவு மில்லு, மின்சாரத்துல ஓடற அச்சகம்னு வேற தொழில்களும் ஆரம்பிச்சார். என் கணக்கு என்னன்னா, ஷோ சாயங்காலம்தான். பகல்ல எஞ்சின் சும்மா கிடந்தா நஷ்டம். பனியன் கம்பெனி நடத்தற எந்த முதலாளியும் இதைக் கேட்டா தலையாட்டுவார். மெஷின் நிக்கக்கூடாது.

பேசும்படம் வந்ததும் அவர் அதுலயும் இறங்கினார். கல்கத்தாவுல எடுத்த 'வள்ளி திருமணம்' 1933ல வந்துச்சு. டி.பி. ராஜலட்சுமி நடிச்ச அந்தப் படம் நல்லா ஓடுச்சு. ஹாலும் வெரைட்டி ஹால் டாக்கீஸ் ஆச்சு. சத்தம் படத்துக்குள்ளயே வந்ததும் மேடையில இருந்தவங்களுக்கு வேலை போச்சு. கதை சொன்னவர், ஆடினவர், குஸ்தி போட்டவர், ஒருத்தர் பேரும் நமக்கு வந்து சேரல. வின்சென்ட் 1942ல காலமானார்.

மிச்சம்

தியேட்டர் பின்னாடி டிலைட்னு பேர் மாறி ரொம்ப வருஷம் ஓடுச்சு. கடைசியில அதையும் இடிச்சாச்சு. இன்னிக்கு மிச்சம் இருக்கறது ரோட்டோட பேரு.

இதுல யாரையும் குத்தம் சொல்ல வரல. நூறு வருஷக் கட்டிடம், சென்டர்ல இடம், ஓடாத தியேட்டர், கணக்குப் போட்டா எல்லாரும் அதையேதான் செய்வாங்க. ஆனா இடிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கறதுக்கும், அங்க வேலை பார்த்தவங்ககிட்ட உட்கார்ந்து பேசறதுக்கும் பெரிய செலவு ஆகாது.

திருப்பூர்லயும் சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட செகண்ட் ஷோ போன தலைமுறை ஒண்ணு நம்ம வீட்லயே இருக்கு. எந்தத் தியேட்டர், டிக்கெட் எவ்வளவு, ஆபரேட்டர் யாருன்னு அவங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அப்பாவையோ அம்மாயியையோ உட்கார வச்சுக் கேளுங்க. போன்ல ரெக்கார்டு பட்டனை அமுக்கிட்டுக் கேளுங்க. ரோட்டுப் பேரைக்கூட ஒரு நாள் மாத்திடுவாங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.