பள்ளிக்கூடத்து மைதானங்கள் – 6: நாலாம் நாளும் அவுட் ஆகாத பையன்

பிரிஸ்டல் நகரத்துக் கிளிஃப்டன் கல்லூரி பெயரில்தான் கல்லூரி. 1862-இல் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. அதன் பெரிய மைதானத்துக்கு ‘குளோஸ்’ என்று பெயர். 1871 முதல் 1932 வரை குளோஸ்டர்ஷயர் கவுண்டி அணி இங்கே 96 முதல்தர ஆட்டங்கள் ஆடியது. டபிள்யூ. ஜி. கிரேஸ் இந்தத் தரையில் 13 சதங்கள் அடித்தார். தாடிக்காரரின் பிள்ளைகள் படித்ததும் இங்கேதான்.

இவ்வளவு பெருமையும் பெரிய மைதானத்துக்கு. ஆனால் கிரிக்கெட் கிறுக்கர்கள் பிரிஸ்டல் போனால் தேடுவது, கத்ரி சாலையை ஒட்டிக் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தை.

1899 ஜூன் 22, வியாழக்கிழமை. பள்ளிக்குள்ளேயே கிளார்க்ஸ் ஹவுஸுக்கும் நார்த் டவுனுக்கும் சின்னப் பையன்களின் ஆட்டம். பெரிய மைதானத்தை இவர்களுக்கு யார் தருவார்கள்? இந்த ஓரத்து நிலம்தான் கிடைத்தது. கிளார்க்ஸ் ஹவுஸுக்காக மட்டை பிடித்தவன் ஏ. இ. ஜே. காலின்ஸ். வயது 13. நம் ஊர் ஹசாரிபாகில் பிறந்தவன். தாய் தகப்பன் இல்லை.

நிலத்தின் வாகு கோணல். எல்லை பக்கத்திலேயே இருந்த இடத்தில் பந்து எல்லையைத் தொட்டாலும் இரண்டே ரன். சரிவாக இறங்கும் பக்கமோ எல்லையே கிடையாது. பந்து உருண்டுகொண்டே இருக்கும், பையன்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் நாள் முடிவில் காலின்ஸ் 200. மறுநாள் 500-ஐத் தாண்டினான். 1886-இல் ஸ்டாடர்ட் அடித்த 485-தான் அதுவரை உலகச் சாதனை, அது போயிற்று. செய்தி பரவி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. திங்கள், செவ்வாய் என்று ஆட்டம் நீண்டது. கேட்சுகள் பல நழுவின. கடைசி ஆட்டக்காரன் 13 ரன்னில் வெளியேறியபோது அந்த ஜோடி மட்டும் 183 சேர்த்திருந்தது. அணி 836, காலின்ஸ் 628, அவுட் இல்லை. ஆடிய நேரத்தைக் கூட்டினால் ஏழு மணி நேரம்கூட இல்லை.

பிறகு பந்தும் வீசி 11 விக்கெட் எடுத்தான். நார்த் டவுன் எடுத்தது 87, 61. பாவம்!

ஸ்கோர் எழுதியதும் பள்ளிப் பையன்கள்தான். அவர்களில் ஒருவர் பின்னாளில், 628 என்பதில் இருபது கூடலாம், குறையலாம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்த வெயிலில் நாலு நாள் பென்சில் பிடித்தவரை அதற்குமேல் என்ன கேட்பது!

காலின்ஸ் முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியானார். 1914 நவம்பர் 11-இல் ஈப்ர போரில் இறந்தார்; வயது 29. அந்தத் துண்டு நிலம் இன்று ‘காலின்ஸஸ் பீஸ்’.

அவர் சாதனை 116 ஆண்டு நின்றது. 2016 ஜனவரியில் மும்பையை அடுத்த கல்யாணில் பிரணவ் தனவடே என்ற ஆட்டோ ஓட்டுநர் மகன் 1009 அடித்தான். இது பள்ளிகளுக்கிடையிலான ஆட்டம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மைதானங்களின் வித்தியாசம் தெரியும். பிரணவுக்கு 59 சிக்ஸர், 129 பவுண்டரி: 870 ரன் அதிலேயே வந்துவிட்டது. காலின்ஸுக்குச் சிக்ஸர் ஒன்றே ஒன்று, நான்குகள் 31. இரண்டு ரன்கள் மட்டும் 146 தடவை. மூன்று மூன்றாக ஓடி எடுத்தது 33 தடவை.

(தொடரும்)