இடிபாட்டில் கிடைத்த கல்

கட்டியெழுப்பியதெல்லாம் சாம்பலாயிற்றே என்று கலங்குகிறீர்களா?

1666ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் மாநகரம் அவ்விதமாய் வெந்துபோயிற்று. புனித பவுல் பேராலயமும் 87 ஆலயங்களும் பெருந்தீக்கு இரையாயின. பேராலயத்தைத் திரும்பக் கட்டும் பொறுப்பைப் பெற்றவர், ஒரு போதகரின் குமாரனாகிய கிறிஸ்டோபர் ரென்.

குவிமாடத்தின் நடுவிடத்தைக் குறிக்க ஒரு கல் கொண்டுவரும்படி அவர் வேலையாளிடம் சொன்னார். அவன் இடிபாட்டிலிருந்து எடுத்துவந்தது உடைந்த கல்லறைக் கல். அதில் எஞ்சியிருந்தது, ‘மீண்டும் எழுவேன்’ எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் சொல் என்று அவருடைய குடும்ப வரலாறு கூறுகிறது. அச்சொல் இன்றும் பேராலயத்தின் தெற்கு முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

1675இல் வேலை தொடங்கிற்று. தாமதத்தைக் கண்ட பாராளுமன்றம் 1697இல் அவருடைய சம்பளத்தில் பாதியை நிறுத்திவைத்தது. ஆயினும் அவர் வேலையைக் கைவிடவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிற ஆலயங்களும் அவருடைய பொறுப்பில் எழும்பின. 1711இல் பேராலயம் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 79. 1723இல் மரித்து, அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டார்.

பட்டணத்தில் சகலத்தையும் புதிதாய்த் தொடங்கியிருக்கும் வாசகரே, உங்கள் இடிபாட்டிலும் அத்தகைய கல் ஒன்று கிடக்கக்கூடும். அதை நடுவில் வைத்துக் கட்டத் தொடங்குங்கள். கூலி தாமதித்தாலும் கைகளைத் தளரவிடாதிருங்கள்.