டமாஸ்கஸ் கத்தியும் அதற்கேற்ற கைப்பிடியும்

அலகின் மேல் நீரலை போல் வரிகள் படர்ந்து, மான் கொம்பினால் பிடி அமைந்த கத்தியை டமாஸ்கஸ் கத்தி என்று உலகெங்கும் விரும்பி வாங்குகின்றனர். அயல்நாட்டுப் பயணிகள் வந்து செல்லும் புதுச்சேரி நகரைச் சூழ்ந்த கிராமங்களில் கொல்லுலை நடத்துவோர்க்கு இது நல்ல ஊதியம் தரக்கூடிய வேலையாகும். ஆயினும் அலகைச் செய்யலாம். அந்தப் பிடியைச் செய்யலாகாது. இதனை விளக்குவதே நமது நோக்கம்.

டமாஸ்கஸ் சிரியா நாட்டு நகரம். அதன் பெயரால் புகழ்பெற்ற வாட்களுக்கு உகந்த எஃகைத் தந்த நாடுகளுள் நம் தென்னாடு முதன்மையானது. இரும்பைக் கரிப்பொருளுடன் மண் மூசையில் இட்டு, வாய் மூடி உருக்கி எடுத்தனர். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் இத்தொழிலின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இவ்வெஃகின் இரகசியத்தை அறியப் பிரெஞ்சு அறிஞர் பிரெயான் 1820-களில் பாரிஸில் பல சோதனைகள் நடத்தினார். நம்மவர் கைத்தொழிலோ சென்ற நூற்றாண்டு பிறக்குமுன்னரே பெரிதும் அருகிவிட்டது.

இன்று அப்பெயரால் விற்கப்படுவன பெரும்பாலும் வேறு வகையின. கரி மிகுந்த எஃகுத் தகடுகளையும் நிக்கல் கலந்த எஃகுத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, வெண்காரம் தூவி, உலையில் மஞ்சள் நிறம் பளிச்சிடும் வரை காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைக்கின்றனர். 7 தகடுகளை ஒட்டி 4 முறை மடித்தால் 112 அடுக்குகள் கிடைக்கும். ஒட்டாமல் இடையில் தங்கிய சிறு கசடும் பின்னர் அலகைப் பிளந்துவிடுமாதலால் இங்கே அவசரம் உதவாது. அரம் போட்டு வடிவம் தந்தபின், காந்தம் பற்றாத அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். தோய்த்த எஃகு கண்ணாடி போல் நொறுங்கும். ஆகவே 200 டிகிரி சென்டிகிரேடு அளவில் 2 மணி நேரம் வாட்டிப் பதப்படுத்த வேண்டும். இறுதியில் பெரிக் குளோரைடுக் கரைசலில் அமிழ்த்தினால் கரி எஃகு கறுத்து, நிக்கல் எஃகு வெளுப்பாக நின்று, வரிகள் துலங்கும். அரிவாள் அடிக்கும் கைக்கு இவற்றுள் புதியவை அடுக்கி ஒட்டுவதும் இக்கரைசலுமே.

இனிப் பிடி. மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கிறது. கீழே கிடப்பதை எடுத்தால் யாருக்கு என்ன தீங்கு என்று பலரும் எண்ணுகின்றனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. உதிர்ந்த கொம்பாயினும் அதனை அனுமதியின்றி வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். உதிர்ந்ததையும் கொன்று எடுத்ததையும் சந்தையில் பிரித்தறிவது எளிதன்று. அதனால் ஒன்றை அனுமதிப்பது மற்றதற்கும் வழி திறப்பதாகும். பழைய கொம்பைக் கொடுத்து, “இதையே பிடியாகப் போடுங்கள்” என்று வாடிக்கைக்காரர் கேட்டாலும் கொல்லர் மறுத்துவிட வேண்டும். வழக்கு வந்தால் அகப்படுபவர் உலையடியில் இருப்பவரே. இச்செய்தியைக் கொல்லர்களிடம் எடுத்துச் சொல்லுவது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமை.

அதற்கு மாற்று நம் தொழுவத்திலேயே உண்டு. இறந்த எருமையின் கொம்பு கருமையும் பளபளப்பும் உடையது. மான் கொம்பு எலும்பு இனம். எருமைக் கொம்போ நகத்தின் இனம். ஆதலால் வெந்நீரிலோ அனலிலோ இளக்கி அழுத்தினால் தட்டையாகும். உடனே பொருத்தினால் சுருங்கி வெடிக்கும். சில மாதங்கள் நிழலில் உலரவிட வேண்டும். பிரெஞ்சு நாட்டின் பெயர் பெற்ற லாகியோல் கத்திக்கும் மாட்டுக் கொம்பே மரபான பிடி என்பதைப் பயணிகளிடம் தயங்காமல் சொல்லலாம். கொம்பு விரும்பாதவர்க்கு வாகை, புளி ஆகியவற்றின் வைரம் பாய்ந்த கட்டை பொருந்தும்.

அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ கடந்து, வீட்டுக்கோ வேளாண்மைக்கோ உரியதாக இராவிடில் அது ஆயுதச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். எனவே சமையற் கத்தி, தோட்டக் கத்தி ஆகியவற்றோடு நிற்பது நன்று. விற்பனைச் சீட்டில் பிடி இன்ன பொருளால் ஆனது என்று எழுதிக் கொடுத்தால், வாங்குபவர் விமான நிலையத்தில் வினவப்படும்போது விடை சொல்ல அது உதவும்.