கிரிந்தக் கரையில் ஒரு மலாய்மொழி

மாணாக்கர் கட்டுரையிற் பிறமொழிச் சாயல் தென்படின் உடனே சிவப்பு மையாற் சுழிப்பது என் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தைச் சிந்திக்கவைத்த மொழியொன்று நம் நாட்டிலேயே உண்டு.

அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்த ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கு வாழும் மலாயரின் முன்னோரை, 17ஆம் நூற்றாண்டு முதலாக ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும், சாவகம் முதலிய தீவுகளிலிருந்து கொணர்ந்தனர். போர்வீரராக வந்தோர் பலர், நாடுகடத்தப்பெற்றோர் சிலர். ஆங்கிலேயரின் மலாய்ப் படை 1873இற் கலைக்கப்பட்டது. ஆயினும் வீட்டுமொழி நிலைத்தது.

நிலைத்த அம்மொழியின் இலக்கணமோ புதிது. தாய்நாட்டு மலாயில் வேற்றுமை உருபு பெயரின் இறுதியில் வருவதில்லை. வினையும் இறுதியில் நில்லாது. “நான் போனேன் வீடு” என்பது போன்றதே அங்குள்ள சொன்முறை. இலங்கை மலாயரோ “செ ருமானங் சுபி” என்பர். செ, நான்; ருமா, வீடு; னங், நம் ‘கு’ உருபு; சுபி, போனேன். “நான் வீட்டுக்குப் போனேன்” என்னும் தமிழ்த்தொடரின் அடைவே அது. நீர் வேண்டுமெனின், “எனக்கு” என்று நாம் நான்காம் வேற்றுமையிற் கூறுவதுபோல அவர்களும் “செதாங்” என்றே தொடங்குவர். சொற்கள் மலாய், அவற்றைக் கோத்த முறை தமிழும் சிங்களமும் தந்தது. இவ்விரண்டில் எதன் பங்கு மிகுதி என்பதில் அறிஞர் வேறுபடுவர்.

பாபா யூனுஸ் சல்தின் 1869இல் “ஆலமத் லங்காபுரி” என்னும் மலாய்ப் பத்திரிகையை அரபெழுத்தில் வெளியிட்டார். ஏட்டில் ஏறியது இலக்கிய மலாய், வீட்டுப்பேச்சு ஏடேறவில்லை. செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் வேறுபாடறிந்த நமக்கு இது புதிதன்று.

2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இலங்கை மலாயர் 40,000க்கு மேற்பட்டோர். கொழும்பிற் பெற்றோர் பலர் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசலாயினர். தம் மொழியைச் “சிதைந்த மலாய்” என நாணி, மலேசியாவின் செம்மொழியைக் கற்க முயன்றோரும் உளர். அம்முயற்சி குற்றமன்று, ஆயின் அது பாட்டியின் பேச்சுக்கு ஈடாகாது. கிரிந்தவிலோ, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் சென்றபோது, சிறுவர் அம்மொழியையே முதன்மொழியாகப் பேசினர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கியதும் அக்கரையையே. வறிய மீனவர் குடில்களில் ஒரு மொழியின் எதிர்காலம் தங்கியிருந்தது.

தமிழின் தூய்மையைப் பேணல் ஆசிரியர் கடன் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால், அயலாரோடு கலந்து வாழ்ந்து, அவர்தம் இலக்கணத்தை உள்வாங்கி, தனக்கென ஒழுங்கு வகுத்துக்கொண்ட மொழியைச் சிதைவென்றல் தகுமோ? ‘னங்’ உருபு தவறாது வருகின்றது. அஃது இலக்கணமேயன்றி வழுவன்று.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் மலாய்ப் பிள்ளையொன்று இருப்பின், வேற்றுமை கற்பிக்கும் நாளில் அதன் வீட்டுமொழியில் ஒரு தொடர் சொல்லக் கேளுங்கள். அதனைக் கரும்பலகையில் தமிழ்த்தொடரின் அருகே எழுதுங்கள். சிவப்பு மை வேண்டாம்.